காகிதப்பூவும் ஒரு கப்பல் பயணமும்

பாரி முல்லைக்குத் தேர் கொடுத்தான். நான் காகிதப்பூவுக்கு வாசலில் ஓர் இரும்பு வளைவு கொடுத்தேன். பெங்களூர் மழையில் இரண்டே வருடம்... கொடி வளைவையே விழுங்கிவிட்டு, பக்கத்து வீட்டுச் சன்னலை எட்டிப் பார்த்தது. ஒரு நாள் முள் குத்தி மகளின் கையில் ரத்தம். "ஒண்ணு அடக்குங்க, இல்ல வேரோட வெட்டுங்க" என்று தங்கமணி கெடு வைத்துவிட்டார்.

எப்படி அடக்குவது என்று படிக்க உட்கார்ந்தால், கதை 1767-க்கு இழுத்துப் போனது. பூகன்வில் என்ற பிரெஞ்சுத் தளபதி உலகைச் சுற்றி வந்த பயணம் அது. கூடப் போன தாவரவியலாளர் கொமெர்சோன், பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் இந்தக் கொடியைச் சேகரித்துத் தளபதியின் பெயரை வைத்தார். அதுதான் நாம் சொல்லும் போகன்வில்லா.

கொமெர்சோனின் உதவியாளர் ஆண் வேடம் போட்ட ஒரு பெண்! பெயர் ழான் பாரே. பிரெஞ்சுக் கடற்படைக் கப்பலில் பெண்களுக்குத் தடை இருந்த காலம். கொமெர்சோனுக்கோ காலில் ஆறாத புண். அதனால் மலையேறுவது, செடி சுமப்பது எல்லாம் பெரும்பாலும் பாரேதான். 1768-ல் தாஹிட்டித் தீவில் குட்டு உடைந்ததாகப் பூகன்வில்லே எழுதியிருக்கிறார். உலகைச் சுற்றி வந்த முதல் பெண் என்று இன்று போற்றப்படுபவர் இவர்தான். ஆனால் 2012-ல்தான் இவர் பெயர் ஒரு செடிக்கு நிலைத்தது: சொலானம் பரேட்டியே, நம் கத்தரிக்காயின் சொந்தக்காரச் செடி.

காகிதப்பூவிலும் கலராகத் தெரிவது பூவே இல்லை, நிறம் மாறிய இலை. நிஜப் பூ நடுவில் வெள்ளையாக, சின்னதாக இருக்கும். யார் கவனிக்கிறோம்?

சரி, வெட்டிய கதைக்கு வருவோம். இந்தக் கொடிக்குப் பற்றுக்கம்பி கிடையாது, முள்ளை மாட்டித்தான் ஏறும். ஆகவே நாம்தான் கட்டிவிட வேண்டும். ஒரு சுற்று பூத்து முடிந்ததும் தடித்த கையுறை போட்டுக்கொண்டு காய்ந்ததையும் வெளியே நீண்டதையும் வெட்டினேன். நல்ல கிளைகள் நான்கை மட்டும் வளைவின் மேல் சாய்த்து, சணல் கயிற்றால் தளர்வாகக் கட்டினேன். நிமிர்ந்து ஓடும் கிளையைச் சாய்த்தால் கணுவுக்குக் கணு துளிர்க்கும். புதுத் துளிரில்தான் பூ வரும். தண்ணீரையும் குறைத்தேன், அதிகம் ஊற்றினால் இலைதான் மிச்சம்.

மார்ச்சில் வளைவு முழுக்கப் பூ. தங்கமணி கெடுவைப் பற்றி இப்போது பேசுவதில்லை. கதை கேட்ட மகளோ கொடிக்குப் பெயரையே மாற்றிவிட்டாள். காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று, "பை, பாரே!"