மேற்கோள்களால் வரைந்த அறிவியல் வரைபடம்



மாணவர்களின் இடுபணிகளைத் திருத்தும்போது கடைசிப் பக்கத்தை நாம் விரைந்து புரட்டிவிடுகிறோம். துணைநூற்பட்டியல்தானே என்னும் எண்ணம். அந்தக் கடைசிப் பக்கத்தைக் கொண்டே அறிவியலின் வளர்ச்சியை அளந்த ஒருவரைப் பற்றி இன்று எழுத விழைகிறேன். அவரது எண்ணம் முளைவிட்ட இடம் நமக்குத் தொலைவானதன்று, சிங்கப்பூர்தான்.

டெரெக் டி சோலா பிரைஸ் 1922இல் இலண்டனில் பிறந்தவர். இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர். இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1940களின் இறுதியில், சிங்கப்பூர் ராஃபிள்ஸ் கல்லூரியில் கணிதம் கற்பிக்க வந்தார். 1949இல் மலாயாப் பல்கலைக்கழகம் உருவானபோது அதனுள் இணைந்த கல்லூரி அது. அந்நாளில் கல்லூரியின் நூலகக் கட்டடம் இன்னும் முடியவில்லை. ஆகவே இலண்டன் அரச கழகம் வெளியிட்ட ஆய்விதழின் பழைய தொகுதிகள், 1665 முதல் 1850 வரையிலானவை, அவரது பொறுப்பில் விடப்பட்டன. அவர் அவற்றைப் பத்துப் பத்து ஆண்டுகளாகப் பிரித்துச் சுவரோரம் அடுக்கினார். முதல் அடுக்கு சிறியது. அடுத்தது சற்றே உயர்ந்தது. போகப் போக அடுக்குகள் விறுவிறுவென ஏறின. வட்டிக்கு வட்டி போட்டால் கடன் எப்படி ஏறும் என்பதை நம் பாட்டன்மார் நன்கறிவர். அவ்வாறே நூலடுக்குகளும் ஏறி நின்றன.

வேறொருவர் என்றால் தூசு தட்டிவிட்டுப் போயிருப்பார். பிரைஸ் பிற துறைகளின் வெளியீடுகளையும் எண்ணிப் பார்த்தார். 1950இல் ஆம்ஸ்டர்டாம் நகரில் நடந்த அறிவியல் வரலாற்று மாநாட்டில் தம் முடிவை வைத்தார். ஏறத்தாழ 10 முதல் 15 ஆண்டுகளுக்கு ஒருமுறை அறிவியல் எழுத்து இரு மடங்காகிறது என்பது பின்னர் அவர் நூல்களில் விரிவாக வந்த கருத்து.

இதே காலத்தில் நம்மவர் ஒருவரும் இப்பாதையில் நடந்தார் என்பதைச் சொல்லாமல் விட மனமில்லை. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். இரங்கநாதன், கணிதப் பேராசிரியராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். நூலகப் பணிகளைக் கணித முறையில் அளக்க வேண்டும் என்று 1948இல் இங்கிலாந்து மாநாடொன்றில் அவர் முன்மொழிந்தார். கணக்கு வாத்தியார்கள் நூலகத்திற்குள் நுழைந்தால் எண்ணாமல் இருக்கமாட்டார்கள் போலும்!

நூல்களை எண்ணுவது முதற்படி. எந்த நூல் எந்த நூலைச் சுட்டுகிறது என்று பார்ப்பது அடுத்த படி. தமிழர்க்கு இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை. வளையாபதியும் குண்டலகேசியும் முழுமையாகக் கிடைக்கவில்லை. உரையாசிரியர்கள் மேற்கோளாக எடுத்தாண்டமையாலும் தொகைநூல்களில் சேர்க்கப்பட்டமையாலும் சில பாடல்களாவது தப்பின. அமெரிக்கரான யூஜின் கார்ஃபீல்டு 1955இல் ஒரு திட்டத்தை வெளியிட்டார்: ஒரு கட்டுரையைப் பின்னாளில் யார் யார் சுட்டினர் என்று காட்டும் அட்டவணை வேண்டும் என்பது. 1964இல் அவரது அறிவியல் மேற்கோள் அட்டவணை வெளிவந்தது. அதன் தரவுகளைக் கொண்டு பிரைஸ் 1965இல் எழுதிய கட்டுரை இத்துறையின் மூலநூல் போன்றது. ஒரு கட்டுரை சராசரியாக 15 முன்னோரைச் சுட்டுகிறது; ஆனால் ஓர் ஆண்டை எடுத்துக்கொண்டால், இருக்கும் கட்டுரைகளில் ஏறத்தாழ 35 விழுக்காட்டை அவ்வாண்டில் எவருமே சுட்டுவதில்லை. மேற்கோள் இழைகளைப் பின்தொடர்ந்தால் எந்த ஆய்வு எதிலிருந்து கிளைத்தது என்னும் வரைபடம் தோன்றுகிறது.

அந்த வரைபடத்தை ஏழை நாடுகளின் பக்கம் நின்று வாசித்தவர் சுப்பையா அருணாசலம். வேதியியல் பயின்று, இந்திய அறிவியல் இதழ்களின் ஆசிரியராக இருந்து, பின்னர்ச் சென்னை எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றியவர். இந்தியாவும் சீனாவும் காசநோய் பற்றி எவ்வளவு ஆராய்கின்றன என்பதை இணையாசிரியருடன் அளந்து 2002இல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் எழுதினார். நோயின் சுமையில் பெரும்பங்கு அவ்விரு நாடுகளுக்கு; ஆய்வு எழுத்திலோ அவற்றின் பங்கு மிகச் சிறியது. வெறும் எண்ணிக்கை அன்று அது. பணம் எங்கே செல்லவேண்டும் என்று ஆட்சியாளரைக் கேட்கும் கேள்வி. ஆய்வுக் கட்டுரைகளை எல்லாரும் கட்டணமின்றிப் படிக்க வழி வேண்டும் என்றும் அவர் நெடுங்காலம் வாதாடினார்.

இனி இந்த வரைபடத்தை நம் மலாக்கா மண்ணில் விரித்துப் பார்ப்போம். ரப்பர் வரலாற்றை எழுதுவோர் அனைவரும் சிங்கப்பூர்ப் பூங்காவின் ரிட்லியைச் சுட்டுவர். மரத்தைக் கொல்லாமல் பட்டையை மெல்லச் சீவும் முறையை வகுத்தவர் அவர். ரப்பர், ரப்பர் என்று ஓயாமல் சொன்னதால் ‘பைத்தியக்கார ரிட்லி’ என்றும் பெயர் வாங்கினார். 1896இல் மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் முதன்முதலாக ரப்பரை வணிகப் பயிராக நட்ட டான் சாய் யானையும் சுட்டுவர். 1925இல் தொடங்கிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் வெளியீடுகளும் பட்டியலில் இருக்கும். அன்றாடம் இருட்டோடு எழுந்து மரம் சீவியவர்கள் கட்டுரை எழுதவில்லை. எழுதாதவரைச் சுட்ட அந்த முறையில் வழியில்லை. பிரைஸ் மீது குற்றமன்று. அச்சில் வந்ததை மட்டுமே அவரால் எண்ண முடியும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி, விடியுமுன் ஏன் பால்மரம் சீவுகிறார்கள் என்று இடுபணி செய்தாள். வெயில் ஏறிவிட்டால் பால் சரியாக இறங்காது என்று எழுதியிருந்தாள். உண்மைதான். இலைகள் நீரை ஆவியாக விடத் தொடங்கியதும் பட்டையின் பால்நாளங்களில் அழுத்தம் குறைந்துவிடும். துணைநூற்பட்டியலில் ‘நூலாசிரியர்’ என்னும் கட்டத்தில் ‘பாட்டி’ என்று எழுதி, பதிப்பகம், ஆண்டு ஆகிய கட்டங்களை வெறுமையாக விட்டிருந்தாள். நான் அதைச் சிவப்பு மையால் வட்டமிட்டேன். வட்டமிட்ட பிறகுதான் உறைத்தது.

மறுநாள் அவளை அழைத்து, நேர்காணல் என்று தலைப்பிட்டு, பாட்டியின் முழுப்பெயர், அவர் வேலை செய்த தோட்டம், பேசிய நாள் ஆகியவற்றை எழுதச் சொன்னேன்.

“எந்தப் பேரை எழுதறது டீச்சர்? தோட்டம் இப்போ தாமான் ஆயிடுச்சே” என்று கேட்டாள்.

இரண்டு பெயர்களையும் எழுதச் சொன்னேன்.