அங்கன்வாடி டீச்சருக்கு தீபாவளி இனாம் கொடுக்கணுமா? தெரிஞ்சுக்கோங்க!

ராஜபாளையத்தில் மில் வேலைக்குப் போகும் அம்மாக்களுக்கும், ஸ்ரீவில்லிபுத்தூரில் கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கும் அங்கன்வாடிதான் பெரிய துணை. ஆடிப்பூரம், தீபாவளி வந்தால் ஒரு கேள்வியும் வரும்: பிள்ளையைப் பார்த்துக்கிற டீச்சர், ஆயாவுக்கு காசு கொடுக்கணுமா?

கட்டாயமே இல்லை. 1975 அக்டோபர் 2-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் சத்துமாவு, மதிய உணவு, முன்பருவக் கல்வி எல்லாமே இலவசம்.

அவங்களுக்கு சம்பளம் எவ்வளவு?

மத்திய அரசு 2018 அக்டோபரில் உயர்த்திய மதிப்பூதியம் ஊழியருக்கு மாதம் ரூ.4,500, உதவியாளருக்கு ரூ.2,250. தமிழகத்தில் சிறப்பு காலமுறை ஊதியம் என்பதால் இதைவிடக் கூடுதலாகக் கிடைக்கிறது.

'கிராஜுவிட்டி' என்றால் டிப்ஸா?

சொகுசுக் கப்பல்களில் ஊழியர்களுக்கான டிப்ஸை 'கிராஜுவிட்டி' என்பார்கள். இங்கே அதற்கு அர்த்தம் பணிக்கொடை. 1972-ம் ஆண்டுச் சட்டப்படி அங்கன்வாடி ஊழியர், உதவியாளர்களுக்கும் அது உண்டு என 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதாவது, வேலை பார்த்த காலத்துக்கான உரிமைப் பணம். அதைக் கொடுக்க வேண்டியது பெற்றோர் அல்ல.

யாராவது காசு கேட்டால்?

வட்டார குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் புகார் சொல்லலாம். விருதுநகர் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம்.