கேன்வாஸ்

பெயர்ச்சொல். கோட்டின் மேல்துணிக்கும் லைனிங்குக்கும் நடுவே நிற்கும் விறைப்புத் துணி. கஞ்சாச் செடியின் இலத்தீன் பெயரான 'கன்னாபிஸ்', பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து நம் தையல்கடைக்கு வந்தது. அந்தச் செடியின் தண்டு நாரில்தான் கப்பல் பாய்க்கான துணி நெய்தார்கள். மாப்பிள்ளையின் நெஞ்சில் கஞ்சாவின் பெயரா என்று சம்பந்தி வீட்டார் முகம் சுளிக்க வேண்டாம். இன்றைய கோட்டுக் கேன்வாஸ் பெரும்பாலும் பருத்தி, கம்பளி, ஆட்டுமயிர் கலவை. நெஞ்சுப் பகுதிக்கு மட்டும் குதிரைமயிர்.

மலாயாவில் துரைமார் போட்ட வெள்ளைக் கோட்டின் பெயர் 'துத்துப்'. மலாயில் மூடியது என்று பொருள், கழுத்துவரை பித்தான். டிரில் துணியில் தைத்ததால் அதற்குக் கேன்வாஸ் வேண்டாம், கஞ்சி போட்டாலே விறைத்து நிற்கும்.

கெடாவின் வெயிலில் கோட்டுக்குச் சூடு தேவையில்லை, உருவம்தான் தேவை. சுங்கைப்பட்டாணியில் கல்யாணக் கோட்டு தைக்கக் கொடுப்பவர் நெஞ்சுவரை கேன்வாஸ் வைத்து, முதுகில் லைனிங்கைப் பாதியோடு நிறுத்தச் சொல்வது நல்லது. லைனிங் பாலியெஸ்டராக இருந்தால் வேர்வை உள்ளேயே தங்கும், விஸ்கோஸ் மேல். இங்கிலாந்துக்குப் படிக்கப் போகிற பிள்ளைக்கென்றால் கணக்கு வேறு: லைனிங்குக்குப் பின்னால் மெல்லிய கம்பளி ஃபிளானல் ஒரு அடுக்கு வேண்டும்.

கேன்வாஸுக்குப் பதிலாக இஸ்திரிச் சூட்டில் ஒட்டும் பசைத்துணி வைப்பது மலிவு. ஆனால் ஒட்டு சரியில்லாவிட்டால் சலவையில் பசை விட்டு, மேல்துணி கொப்புளம் கொப்புளமாக எழும்பும். வாங்குமுன் பித்தான் துளைக்கு மேலே, நெஞ்சுப் பகுதியில் இரண்டு பக்கத் துணியையும் கிள்ளிப் பிரித்துப் பாருங்கள். நடுவே மூன்றாவது துணி ஒன்று தனியாக நழுவினால் அது தைத்த கேன்வாஸ்.