பனி வண்டி பிறந்த கதை

இன்று நம்ம ஊரில் யாரும் ஓட்டாத ஒரு வண்டியின் வரலாறு. கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

மே மாதம் பிறந்தால் தென்காசிப் பட்டறைகளில் ஆட்டோவும் வேனும் வரிசை கட்டி நிற்கும். பிரேக், வைப்பர், டயர் எல்லாம் பார்த்தாக வேண்டும். ஜூனில் சாரல் இறங்கிவிட்டால் குற்றாலம் சாலையில் வண்டிக்கு ஓய்வு கிடையாது. கனடாவில் இதே வேலை அக்டோபரில் நடக்கும். அங்கே பனிக்காலத்துக்குத் தயாராவது ஸ்னோமொபைல் என்னும் பனி வண்டி.

நாம் மார்கழிப் பனி என்பது புல் நுனியில் நிற்கும் ஈரத்தை. அங்கே பனி இடுப்பளவு குவியும். சக்கரம் வைத்த வண்டி புதைந்துவிடும். அதனால் பனி வண்டிக்கு முன்னால் சறுக்குக் கட்டைகள், பின்னால் சுழலும் அகலமான ரப்பர் பட்டை. வண்டியின் பாரம் பரவுவதால் அது பனியின் மேலேயே ஓடும்.

இதை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் ஜோசப் அர்மாண்ட் பொம்பார்டியர். 1907-ல் கியூபெக் மாநிலத்தின் வால்கூர் என்ற சிற்றூரில் பிறந்தவர். 15 வயதிலேயே பழைய கார் எஞ்சினையும் விசிறியையும் வைத்துப் பனியில் ஓடும் வண்டி ஒன்றைச் செய்து பார்த்தார். பிறகு சொந்தப் பட்டறை வைத்தார்.

1934 குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகனுக்குக் குடல்வால் நோய் முற்றியது. சாலையைப் பனி மூடியிருந்தது. பட்டறையில் இருந்த சோதனை வண்டியோ ஓடும் நிலையில் இல்லை. மருத்துவமனைக்குக் கொண்டுபோக வழியில்லாமல் குழந்தை இறந்துபோனது.

அந்தத் தகப்பன் வேலையை விடவில்லை. பல்சக்கரமும் ரப்பர் பட்டையும் சேர்ந்த அமைப்புக்கு 1937-ல் காப்புரிமை பெற்றார். ஏழு பேர் அமரும் பி-7 வண்டி வந்தது. மருத்துவர்கள் அதை வாங்கினார்கள். பின்னால் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லவும் பெரிய வண்டிகள் செய்தார். ஆசிரியனாக இருந்தவன் என்பதால் எனக்கு மிகவும் பிடித்த செய்தி இதுதான். இன்று நாம் படத்தில் பார்க்கும் சிறிய ஸ்கி-டூ 1959-ல்தான் வந்தது. 1964-ல் அவர் மறைந்தார்.

இனி, தயார் செய்யும் முறை. கோடை முழுவதும் நின்ற பெட்ரோல் பிசின் போலாகி கார்புரேட்டரை அடைக்கும். அதை மாற்ற வேண்டும். பேட்டரி, பிளக், பெல்ட் பார்க்க வேண்டும். பட்டையின் இறுக்கத்தைச் சரிசெய்து, தாங்கிகளுக்குக் கிரீஸ் வைக்க வேண்டும். காற்று வடிகட்டிப் பெட்டியில் எலி கூடு கட்டியிருக்கும். அதையும் எடுக்க வேண்டும்.

வண்டி தயாரானால் போதாது, தரையும் தயாராக வேண்டும். பட்டை உராயும் பாகங்களைக் குளிர்விப்பதே பனிதான். வெறும் கெட்டித் தரையில் ஓட்டினால் அவை சூடேறித் தேய்ந்துவிடும். மெல்லிய புதுப்பனி கல்லை மறைக்கும். உறைந்த ஏரியில் இறங்க, தெளிந்த பனிக்கட்டி 5 முதல் 7 அங்குலமாவது வேண்டும். அதன்மேல் பனி கொட்டிக் கிடந்தால் போர்வை போல மூடி, உறைவதைத் தாமதப்படுத்தும். பார்வைக்கு வெள்ளை வெளேரென்று இருக்கும். அடியில் பலம் இருக்காது.

நம் நாட்டிலும் இந்த வண்டிக்கு வேலை உண்டு. 1984 ஏப்ரல் 13 அன்று நம் ராணுவம் சியாச்சினில் கால் வைத்தது. அங்கே சுமை கொண்டுபோகவும், காயம்பட்டவர்களை இறக்கவும் 'ஸ்னோ ஸ்கூட்டர்' பயன்படுகிறது. ஆனால் பனிப்பாளத்தின் பிளவுகளைப் புதுப்பனி மூடி மறைத்திருக்கும். வண்டி எவ்வளவு நல்லதானாலும் பாதையைச் சோதிக்காமல் போக முடியாது. 2016 பிப்ரவரி 3 அன்று 19,600 அடி உயரத்தில் 19-ஆவது மெட்ராஸ் படைப்பிரிவின் முகாமைப் பனிச்சரிவு மூடியது. பத்து பேரை இழந்தோம். அவர்களில் நால்வர் நம் வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பிள்ளைகள்.

இதையெல்லாம் தென்காசியில் உட்கார்ந்து ஏன் எழுதுகிறேன்? 2024 மே 17 அன்று, சீசன் தொடங்கும் முன்பே, பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து 17 வயது மாணவர் ஒருவரைக் கொண்டுபோனது. மழை பெய்தது மேலே மலையில். கீழே குளித்தவர்களுக்கு அது தெரியவில்லை. ஏரியின் பனிக்கட்டியும் அருவியின் தண்ணீரும் ஒன்றுதான். ஆபத்து கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கும்.

வெளியூரிலிருந்து சொந்தக்காரர்கள் போன் போட்டு "தண்ணி விழுதா?" என்றுதான் கேட்கிறார்கள். "மலையில் மழை எப்படி, குளிக்க விடுகிறார்களா?" என்பதையும் நாமே சேர்த்துச் சொல்லுவோம். தடை என்றால் தடைதான். அருவி அடுத்த வாரமும் விழும்.

பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுங்கள்.