வாக்கர் என்னும் குடும்பப் பெயர்

ஆங்கிலேயரின் குடும்பப் பெயர்களுள் வாக்கர் என்பதைக் கேட்ட மாத்திரத்தில் நடப்பவன் என்றும், ஆகையால் தூதன் என்றும் பொருள் கொள்வோர் உண்டு. ஆயினும் அச்சொல்லின் பூர்வீகத்தை ஆராயுமிடத்து, அதற்குரியவர் நடந்தது சாலையில் அன்று, கம்பளித் துணி ஊறிய தொட்டியினுள் என்பது புலனாகும்.

தறியிலிருந்து இறங்கிய கம்பளியை நாட்பட்ட சிறுநீரிலும் ஒருவகைக் களிமண் கரைத்த நீரிலும் இட்டு, வெறுங்காலால் நெடுநேரம் மிதித்தால்தான், எண்ணெய்ப் பிசுக்கு நீங்கி, ரோமங்கள் ஒன்றோடொன்று பின்னிச் சுருங்கி, குளிர்காற்றுக்கு ஈடு கொடுக்கும் கெட்டித் துணியாகும். துர்நாற்றத்தினிடையே இவ்வுழைப்பை மேற்கொண்டவருக்குப் பழைய ஆங்கிலம் வழங்கிய பெயரே வாக்கர் என மருவியது. அதன் மூலவினைக்கு உருட்டுதல், புரட்டுதல் என்பன ஆதிப்பொருள். காலால் நடத்தல் என்னும் அர்த்தம் பின்னர் வந்து சேர்ந்ததே. ஜெர்மானியரிடத்தும் வால்கர் என்னும் பெயர் இதே தொழிலைக் குறிக்கிறது.

இங்கிலாந்தின் வடபுறத்தில் வாக்கர் எனப்பட்டவரே, தென்கிழக்கில் லத்தீன் மூலமுடைய ஃபுல்லர் என்னும் பெயராலும், தென்மேற்கில் வதைத்தல் என்னும் பொருளுடைய பழவினையிற் பிறந்த டக்கர் என்னும் பெயராலும் வழங்கப்பட்டார். எக்ஸ்டர் நகரில் 1471இல் எழுந்த டக்கர்ஸ் ஹால் என்னும் அத்தொழிலாளர் மண்டபம் இன்றும் நிற்கிறது. வேல்ஸ் நாட்டின் டோனிபாண்டி என்னும் ஊர்ப்பெயரிலும் துணி மிதிக்கும் ஆலையே அடங்கியுள்ளது.

என் சிந்தையைப் பெரிதும் கவர்வது காலக்கிரமமே. டெம்ப்ளர் என்னும் துறவற வீரர்கள் 1185இல் எழுதிய சொத்துக் கணக்கிலேயே, நீர்ச்சக்கரத்தால் இயங்கும் சம்மட்டிகள் துணியை மிதிக்கும் ஆலை குறிக்கப்பட்டுள்ளது. தொழிற்பெயர்கள் பரம்பரைப் பெயர்களாக நிலைபெற்றதோ பெரும்பாலும் 13, 14ஆம் நூற்றாண்டுகளில். ஆகவே, சம்மட்டி மனிதனின் காலை மெல்ல மெல்ல விடுவித்துவந்த அக்காலத்திலேதான், காலின் உழைப்பு அவன் சந்ததியாருக்கு நிரந்தர நாமமாயிற்று. ஸ்காட்லாந்தின் ஹெப்ரிடீஸ் தீவுகளிலோ பெண்கள் பலகையைச் சுற்றி அமர்ந்து, பாடிக்கொண்டே துணியைக் கையால் அடிக்கும் வழக்கம் 20ஆம் நூற்றாண்டிலும் நீடித்தது.

இப்பெயர்களைத் தாங்கியோர் வேறு துறைகளில் கீர்த்தி பெற்றனர். ஜான் வாக்கர் 1791இல் உச்சரிப்பு அகராதி ஒன்றை வெளியிட்டார். கேம்பிரிட்ஜ்ஷயரில் உழவர் குடியில் பிறந்த ஆண்ட்ரூ ஃபுல்லர், 1792இல் தோன்றிய பாப்டிஸ்டு மிஷனரி சங்கத்தின் முதற் காரியதரிசியாகி, அச்சங்கத்தின் சார்பில் வில்லியம் கேரி வங்காளம் சென்ற பின் அவருக்கு வேண்டிய பொருளைத் திரட்டும் பொருட்டு ஊர் ஊராகப் பயணம் செய்தார்.