கிழித்தெறிந்த புள்ளி அட்டைகள்: ஒரு வைத்தியர் மாற்றிய கோல்ப் கணக்கு

கோல்ப் என்றதும் எங்களில் கனபேருக்கு ஞாபகம் வருவது, நுவரெலியா நகரில் வேலிக்கு அப்பால் தெரியும் அந்தப் பச்சைப் புல்வெளிதான். உள்ளே யார் விளையாடுகிறார்கள், எப்படி வெல்கிறார்கள் என்றெல்லாம் நாங்கள் யோசிப்பதில்லை. வெள்ளைக்காரன் கொண்டுவந்த விளையாட்டு, காசுக்காரரின் விளையாட்டு, அவ்வளவுதான். அதில் பொய்யும் இல்லை. ஆனால் இந்த விளையாட்டின் வரலாற்றுக்குள் எங்களுக்கும் விளங்கக்கூடிய ஒரு கேள்வி கிடக்கிறது: ஒருவன் ஒரே ஒரு இடத்தில் சறுக்கினால், அவனுடைய முழு நாளையும் அதற்கு விலையாகக் கேட்பது நியாயமா?

முதலில் கணக்கைப் பார்ப்போம். கோல்பில் 18 குழிகள். ஆதியில் இரண்டு பேர் நேருக்கு நேர் மோதினார்கள். ஒரு குழியை யார் குறைந்த அடியில் முடிக்கிறாரோ அந்தக் குழி அவருக்கு. அதிகம் குழிகளை வென்றவர் ஆட்டத்தையும் வென்றார். ஒரு குழியில் எத்தனை அடி கூடினாலும் போவது அந்த ஒரு குழிதான். ஆனால் நாற்பது ஐம்பது பேர் கூடிப் போட்டியிடும்போது இந்த முறை சரிவராது. 1759இல் ஸ்கொட்லாந்தின் செயின்ட் அன்ட்ரூஸ் விளையாட்டாளர்கள் வேறொரு முறைக்கு வந்தார்கள். எல்லாக் குழிகளிலும் அடித்த அடிகளைக் கூட்டு. ஆகக் குறைந்த தொகை யாருக்கோ அவருக்கே பதக்கம்.

எளிமையான கணக்கு. ஆனால் இரக்கம் இல்லாத கணக்கு. மூன்றாவது குழியில் பந்து மணலுக்குள் மாட்டி 12 அடி போய்விட்டால், மீதி 15 குழிகளிலும் நன்றாக அடித்தாலும் பிரயோசனம் இல்லை. கைதேர்ந்தவர்களுக்கே இதுதான் கதி. 1921இல் செயின்ட் அன்ட்ரூஸில் பிரித்தானியப் பகிரங்கப் போட்டி நடந்தது. அமெரிக்காவின் பொபி ஜோன்ஸுக்கு அப்போது 19 வயது. மூன்றாவது சுற்றின் முதல் ஒன்பது குழிகளுக்கே 46 அடிகள். பதினோராவது குழியில் பந்து மணலுக்குள் விழ, பந்தைப் பொறுக்கிக்கொண்டு போட்டியிலிருந்தே விலகிவிட்டார். வாழ்நாள் முழுக்கக் காசுக்கு விளையாடாத அமெச்சூர் அவர். பிறகு 1927இல் அதே மைதானத்தில் வென்றார். 1930இல் ஒரே ஆண்டில் நான்கு பெரிய போட்டிகளையும் வென்றார். ஜோன்ஸுக்குத் திரும்பி வர வழி இருந்தது. ஆனால் கிழமை முழுக்க வேலை செய்துவிட்டு, சனிக்கிழமை கழகப் போட்டிக்கு வரும் சாதாரண ஆளுக்கு? அவர் மூன்றாவது குழியிலேயே அட்டையைக் கிழித்து எறிந்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

இதைக் கவனித்தவர் பிராங்க் ஸ்டேபிள்போர்ட். 1870இல் பிறந்தவர், சத்திரசிகிச்சை வைத்தியர், காசுக்கு விளையாடாத கழக ஆட்டக்காரர். அவருடைய யோசனை இதுதான்: அடிகளை எண்ணாதே, புள்ளிகளைக் கொடு. ஒவ்வொரு குழிக்கும் இத்தனை அடி என்று ஒரு இலக்கு உண்டு. இலக்கில் முடித்தால் 2 புள்ளி. ஒரு அடி கூடினால் 1. ஒரு அடி குறைந்தால் 3, இரண்டு குறைந்தால் 4. இரண்டோ அதற்கு மேலோ கூடினால் பூச்சியம், அதற்குக் கீழே இறங்காது.

ஒரு உதாரணம். சலுகை அடிகளைக் கழித்த பிறகு, முதலாமவர் 17 குழிகளை இலக்கில் முடிக்கிறார். ஒரே ஒரு குழியில் மட்டும் 7 அடி கூடிவிடுகிறது. இரண்டாமவர் ஆறு குழிகளில் ஒவ்வோர் அடி கூட அடிக்கிறார். மற்ற எல்லாம் இலக்கில். பழைய கணக்கில் முதலாமவருக்கு 7 அடி அதிகம், இரண்டாமவருக்கு 6. இரண்டாமவர் வெல்கிறார். புள்ளிக் கணக்கில் முதலாமவருக்கு 34, இரண்டாமவருக்கு 30. முடிவு தலைகீழ். ஒரு சறுக்கலுக்கு ஒரு குழிதான் விலை.

இந்த யோசனை உடனே வென்றுவிடவில்லை. 1898 செப்டெம்பரில் வேல்ஸின் பெனார்த்தில் உள்ள கிளமோர்கன்ஷயர் கழகத்தில் முதன்முதலாகப் பரீட்சித்துப் பார்த்தார்கள். அதில் ஒரு ஓட்டை இருந்தது. பலவீனமான ஆட்டக்காரருக்குரிய சலுகையில் மூன்றில் ஒரு பங்கைக் கடைசியில் மொத்தப் புள்ளியோடு கூட்டினார்கள். கஷ்டமான குழியில் நிற்கும்போது அந்தச் சலுகை கைகொடுக்கவில்லை. யோசனை அப்படியே படுத்துவிட்டது. முப்பது வருசத்துக்கு மேல்!

அதற்கிடையில் போர்கள் வந்தன. ஸ்டேபிள்போர்ட் இராணுவ வைத்தியராகப் பணியாற்றினார். லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் இருக்கும் வொலசி கழகத்தில் அவர் உறுப்பினராக இருந்தார். கடலோர மணல்மேடுகளில் அமைந்த மைதானம். காற்று அடித்தால் நல்ல பந்தும் திசைமாறும். ஒருகாலத்தில் மிகத் திறமையாக விளையாடிய ஸ்டேபிள்போர்ட்டுக்கும் வயது போயிருந்தது. சில குழிகளுக்குள்ளேயே அட்டையைக் கிழிக்கும் ஆட்களை அங்கேயும் கண்டார். 1931இல் பழைய யோசனையைத் தூசு தட்டி எடுத்தார். இந்த முறை சலுகை அடிகளைக் குழிக்குக் குழி பிரித்துக் கொடுத்தார். 1932 மே 16இல் வொலசியில் முதல் போட்டி நடந்தது. இண்டைக்கு உலகின் எத்தனையோ கழகங்களில் வார இறுதிப் போட்டிகள் அவருடைய பெயரிலுள்ள முறையில்தான் நடக்கின்றன.

இதை ஒரு நல்ல மனிதரின் கதையாக மட்டும் சொல்லி முடிக்க ஏலாது. அந்தக் காலத்துக் கழகங்களில் யார் உறுப்பினராகலாம் என்பதைக் காசும் வர்க்கமும் தீர்மானித்தன. பெண்களுக்குச் சம உரிமை இருக்கவில்லை. 1879இல் கொழும்பில் பிரித்தானியர் தொடங்கிய கழகமும் ஆளும் இனத்தின் பொழுதுபோக்குக்காகத்தான். ஸ்டேபிள்போர்ட் தந்த நியாயம் வேலிக்கு உள்ளே நின்றவர்களுக்கு இடையிலான நியாயம். வேலியைப் பற்றி அவருடைய கணக்கு எதுவும் சொல்லவில்லை.

ஆனாலும் அவர் செய்த ஒன்றை நாங்கள் எடுத்துக்கொள்ளலாம். ஆட்கள் இடையில் விட்டுப்போகும்போது "இவனுக்கு மனத்துணிவு காணாது" என்று சொல்வது லேசு. எங்கள் ஊரிலும் ஒரு சோதனையில், ஒரு பாடத்தில் சறுக்கிய பிள்ளைகளைப் பற்றி அப்படித்தான் கதைக்கிறோம். ஸ்டேபிள்போர்ட் ஆட்களைக் குறை சொல்லவில்லை. கணக்கு வைக்கிற முறையைப் பார்த்தார். அதே மைதானம், அதே காற்று, அதே ஆட்கள். எண்ணுகிற விதத்தை மாற்றியதும், மூன்றாவது குழியில் சறுக்கியவருக்கு நான்காவது குழிக்கு நடக்க ஒரு காரணம் கிடைத்தது.