அஞ்சலைக் கணக்கிட்ட வெளியாள்

1837ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ரோலண்ட் ஹில் என்பார் சிறு நூலொன்றை வெளியிட்டார். அவர் அஞ்சல் துறையைச் சேர்ந்தவர் அல்லர், பள்ளி நடத்தியவர்.

இலண்டனிலிருந்து எடின்பரோவுக்குக் கடிதக் கட்டணம் 13½ பென்னி. அதைச் சுமந்து செல்லும் செலவோ ஒரு பென்னியில் 36இல் ஒரு பங்கே என்று அவர் கணக்கிட்டார். வகுத்துப் பாருங்கள், 486 மடங்கு! மீதியில் பெரும்பகுதி அரசின் வருவாய். ஊழியர் உழைப்போ தாள்களை எண்ணுவதிலும், தொலைவுக்கேற்பக் கட்டணம் குறிப்பதிலும், பெறுபவர் வாயிலில் நின்று காசு வாங்குவதிலும் கழிந்தது. தொலைவு எதுவாயினும் அரை அவுன்சுக்கு 1 பென்னி, அனுப்புபவரே முன்கூட்டிச் செலுத்தட்டும் என்றார் ஹில்.

1839இல் அதை நிறைவேற்ற அரசு அவரையே அமர்த்தியது. மறு ஆண்டில் அஞ்சல்தலை பிறந்தது. கடிதங்கள் ஏறத்தாழ 7.6 கோடியிலிருந்து 16.9 கோடியாயின. ஆனால் நிகர வருவாய் சரிந்தது. 1842இல் ஹில்லை நீக்கினர். 1846இல் அடுத்த அரசு மீண்டும் அழைத்துக்கொண்டது.